ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி போடுவதற்கு முன்னும் பின்னும்

ஹார்ட் டிஸ்க் உள்ள ஒரு லேப்டாப்பில் விண்டோஸ் 10 ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆன் செய்து, டெஸ்க்டாப் வந்ததும் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து பாருங்கள். டிஸ்க் வரைபடம் 100 சதவீதத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். கீழே படிக்கும் வேகம் என்ற இடத்தில் நொடிக்கு 1 எம்பி, மிஞ்சிப்போனால் 2 எம்பி. ப்ராசஸரோ பெரிய வேலை எதுவும் இல்லாமல் காத்துக்கொண்டிருக்கும். நொடிக்கு 100 எம்பிக்கு மேல் படிக்கக்கூடிய டிஸ்க் ஏன் 1 எம்பியிலேயே மூச்சு வாங்குகிறது? இதற்கு விடை தெரிந்துவிட்டால் நகரும் பாகமில்லாமல் சிப்களிலேயே தகவலை வைக்கும் டிரைவான எஸ்எஸ்டியில் எதை வாங்க வேண்டும், எதற்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்பதெல்லாம் தானாகவே தெளிந்துவிடும்.

லேப்டாப் ஹார்ட் டிஸ்க்குகளில் பெரும்பாலானவை நிமிடத்துக்கு 5400 முறை சுற்றுபவை. ஒரு சுற்றுக்கு 11.1 மில்லி நொடி. வேண்டிய செக்டர் (தட்டில் தகவல் இருக்கும் சிறு துண்டு), படிக்கும் முனையான ஹெட்டுக்குக் கீழே வந்து சேர சராசரியாக அரைச் சுற்று ஆகும், அது 5.6 மில்லி நொடி. அதற்கு முன் ஹெட் சரியான ட்ராக்குக்கு நகர்ந்து போக இன்னொரு 12 மில்லி நொடி. ஆக, ஒரு துண்டுத் தகவலை எடுக்க 17, 18 மில்லி நொடி போய்விடுகிறது. நொடிக்கு 60 துண்டுகள்கூடத் தேறாது. பூட் ஆகும் நேரத்தில் விண்டோஸ் கேட்பதில் பெரும்பகுதி 4 கேபி, 16 கேபி, 32 கேபி என்று சின்னச் சின்னத் துண்டுகள். அவை டிஸ்க்கின் மூலை முடுக்கெல்லாம் சிதறிக் கிடக்கும். 60 துண்டு, ஒவ்வொன்றும் 4 கேபி என்றால் நொடிக்கு 240 கேபி. கொஞ்சம் பெரிய துண்டுகளும் கலந்து வருவதால்தான் அந்த 1 எம்பியாவது கண்ணில் படுகிறது. 100 எம்பி என்பது ஒரு பெரிய வீடியோ ஃபைலை முதலிலிருந்து கடைசிவரை தொடர்ச்சியாகப் படிக்கும்போது மட்டும் வரும் வேகம்.

எஸ்எஸ்டியில் நகரும் பாகமே கிடையாது. அதை லேப்டாப்போடு இணைக்கும் பழைய முறை சாட்டா, புதிய வேகமான முறை என்விஎம்இ. ஒரு 4 கேபி துண்டை எடுக்க சாட்டா எஸ்எஸ்டிக்கு ஏறத்தாழ 0.1 மில்லி நொடி போதும். ஒன்றன் பின் ஒன்றாகக் கேட்டாலே நொடிக்குப் பத்தாயிரம் துண்டுகள். 60 எங்கே, 10,000 எங்கே! பழைய லேப்டாப் புதிதுபோல் ஆகிவிட்டது என்று எல்லோரும் சொல்வது இந்த ஒரு வித்தியாசத்தைத்தான்.

இப்போது பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் எண்களுக்கு வருவோம். சாட்டா எஸ்எஸ்டி என்றால் நொடிக்கு 550 எம்பி. மூன்றாம் தலைமுறை என்விஎம்இ என்றால் 3500 எம்பி, நான்காம் தலைமுறை என்றால் 7000 எம்பி. இவையெல்லாம் தொடர்ச்சியாகப் படிக்கும் வேகங்கள். சின்னத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுக்கும் வேலையில் நல்ல சாட்டாவுக்கும் நல்ல என்விஎம்இக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு மடங்கைத் தாண்டுவது அபூர்வம். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்குத் தாவுவதுதான் பெரிய தாவல். அதற்குப் பிறகு வருபவை சிறு படிகள். ஆகவே உங்கள் லேப்டாப்பில் 2.5 அங்குல சாட்டா இடம் மட்டும்தான் இருக்கிறது என்றால் கவலையே வேண்டாம். 2011இல் வந்த பல லேப்டாப்களில் இருக்கும் இரண்டாம் தலைமுறை சாட்டா 280 எம்பிக்கு மேல் தராது. அதிலும்கூட எஸ்எஸ்டி போட்டால் கிடைக்கும் மாற்றம் கண்கூடாகத் தெரியும்.

எந்த வகை, எந்த அளவு

2.5 அங்குல டிரைவ் 100 மிமீ நீளம், ஏறத்தாழ 70 மிமீ அகலம். உயரம் மட்டும் மாறும். பழைய ஹார்ட் டிஸ்க் 9.5 மிமீ இருக்கலாம். எஸ்எஸ்டிகள் 7 மிமீ. அந்த 2.5 மிமீ இடைவெளியில் டிரைவ் ஆடி கனெக்டரைத் தளர்த்தாமல் இருக்க ஒரு ப்ளாஸ்டிக் ஸ்பேசர் வேண்டும். சில எஸ்எஸ்டிகளோடு கூடவே வரும். டிரைவைத் தாங்கும் உலோகத் தட்டில் நான்கு ஸ்க்ரூவும் இறுகிவிட்டால் ஸ்பேசர் இல்லாமலும் ஒப்பேற்றிவிடலாம்.

சிக்கல் வருவது, மெல்லிய அட்டை போன்ற டிரைவைச் செருகும் எம்.2 ஸ்லாட்டில்தான். பொருந்துவது வேறு, வேலை செய்வது வேறு என்பதை இங்கே மறக்கக் கூடாது. எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. அதே வடிவத்தில் சாட்டாவும் வருகிறது, என்விஎம்இயும் வருகிறது. பெரும்பாலான எம்.2 சாட்டா எஸ்எஸ்டிகளின் தங்க முனையில் இரண்டு வெட்டுகள் இருக்கும். வழக்கமான என்விஎம்இயில் ஒன்று. இரண்டு வெட்டு உள்ளது, ஒரு வெட்டுக்கான எம் கீ ஸ்லாட்டிலும் அழகாக உள்ளே போய் உட்காரும். ஆனால் அந்த ஸ்லாட்டுக்கு என்விஎம்இ லைன் மட்டுமே இழுத்திருந்தால் பயோஸில் (விண்டோஸுக்கு முன் ஓடும் லேப்டாப்பின் அடிப்படை அமைப்புத் திரை) ஒன்றுமே தெரியாது. டிரைவ் செத்துவிட்டது என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்கிறவர்கள் உண்டு. எனவே லேப்டாப்பின் முழு மாடல் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு சர்வீஸ் மேனுவலைத் தேடிப் பாருங்கள். லெனோவா, டெல், எச்பி மூவருமே இவற்றைத் தங்கள் தளங்களில் இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். ஸ்லாட் எதை ஏற்கும், எத்தனை மிமீ நீளம், கழற்ற எத்தனை ஸ்க்ரூ என்று அதில் எல்லாம் இருக்கும்.

நீளம் நான்கு இலக்கத்தில் எழுதப்படுவது. 2280 என்றால் 22 மிமீ அகலம், 80 மிமீ நீளம். 2242, 2230 ஆகியவையும் புழக்கத்தில் உள்ளன. மெல்லிய லேப்டாப்களில் ஒரு பக்கம் மட்டும் சிப் உள்ள டிரைவ்தான் பொருந்தும். வைஃபை கார்டு உட்கார்ந்திருக்கும் ஸ்லாட்டும் எம்.2 போலவே தோன்றும்; அதன் வெட்டு வேறு இடத்தில் இருக்கிறது, எஸ்எஸ்டிக்கானது அல்ல. இன்னொன்று, 2014க்கு முந்தைய லேப்டாப்களில் பெரும்பாலானவற்றின் பயோஸுக்கு என்விஎம்இயிலிருந்து பூட் செய்யத் தெரியாது. மலிவான சில லேப்டாப்களில் சேமிப்பகம் ஈஎம்எம்சி என்ற பெயரில் மதர்போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும். அதைக் கழற்ற வழியில்லை. காலியான ஸ்லாட் வேறு இருந்தால் மட்டுமே எஸ்எஸ்டி சேர்க்க முடியும்.

அளவைப் பொறுத்தவரை, இப்போது எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறதோ அதோடு 25 சதவீதம் சேர்த்துக்கொள்ளுங்கள். எஸ்எஸ்டி விளிம்புவரை நிரம்பினால் எழுதும் வேகம் கண்ணெதிரே சரியும், தேய்மானமும் கூடும். 500 ஜிபி வாங்கினால் விண்டோஸில் 465 என்றுதான் காட்டும். தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது, அவ்வளவுதான். 1 டிபி 931 ஆகும். 240, 256 ஜிபி டிரைவ்களை நான் பரிந்துரைப்பதில்லை. இடம் போதாது என்பது ஒரு காரணம். உள்ளே தகவலைச் சேமிக்கும் நாண்ட் சிப் அடுக்குகள் குறைவாக இருப்பதால் ஒரே நேரத்தில் பல இடங்களில் எழுத முடியாமல் அவை பெரிய அண்ணன்களைவிட மெதுவாகவும் இருக்கும்.

தரத்தைத் தீர்மானிப்பவை இரண்டு. முதலாவது நாண்ட் வகை. டிஎல்சி ஒரு செல்லில் 3 பிட் வைக்கிறது, க்யூஎல்சி 4 பிட். க்யூஎல்சி டிரைவ் முதலில் வேகமாகத்தான் எழுதும், ஏனென்றால் ஒரு பகுதியை ஒற்றை பிட் கேஷாக வைத்துக்கொண்டு அங்கே கொட்டுகிறது. அந்தக் கேஷ் நிரம்பியதும் நிஜ முகம் தெரியும். சாம்சங் 870 க்யூவிஓ 1 டிபி மாடல் அப்போது நொடிக்கு 80 எம்பிக்கு இறங்கும் என்று அந்த நிறுவனமே குறிப்பிடுகிறது. அது ஹார்ட் டிஸ்க்கைவிடக் குறைவு. இரண்டாவது டிராம் எனும் வேகமான நினைவகச் சிப். எந்தத் தகவல் எந்தச் செல்லில் இருக்கிறது என்ற அட்டவணைக்கு 1 டிபிக்கு ஏறத்தாழ 1 ஜிபி நினைவகம் தேவை. தனி டிராம் சிப் இல்லாத என்விஎம்இ டிரைவ், லேப்டாப்பின் ரேமில் கொஞ்சம் கடன் வாங்கிச் சமாளித்துக்கொள்ளும். சாட்டாவில் அந்த ஏற்பாடு கிடையாது. ஆகவே சாட்டா வாங்குகிறவர்கள் டிராம் உள்ள டிஎல்சி டிரைவாகப் பார்த்து வாங்குவது நல்லது. சாம்சங் 870 ஈவோ, க்ரூஷியல் எம்எக்ஸ்500 ஆகியவை இந்த ரகம்.

பெயர் தெரியாத தயாரிப்பு, நம்ப முடியாத கொள்ளளவு, நம்ப முடியாத விலை மூன்றும் ஒன்றாக வந்தால் விலகிவிடுங்கள். உள்ளே ஒரு சின்ன மெமரி கார்டை வைத்து, 16 டிபி என்று பொய் சொல்லும் ஃபர்ம்வேரை (டிரைவின் உள் மென்பொருளை) ஏற்றி விற்கிறார்கள். உண்மையான கொள்ளளவு தாண்டியதும் புதிது பழையதன் மேல் எழுதப்பட்டு எல்லாம் பாழாகும். எந்த டிரைவாக இருந்தாலும் மாட்டுவதற்கு முன் யுஎஸ்பி-சாட்டா கேபிளில் இணைத்து எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸ் என்றால் எஃப்3, இவற்றில் ஒன்றால் முழுவதும் எழுதிப் படித்துச் சோதிப்பது அரை நாள் வேலை. ஆனால் செய்யத் தகுந்த வேலை. கூடவே, டிரைவின் உடல்நிலையைக் காட்டும் மென்பொருளான க்ரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் ஓடிய மணிநேரம் எவ்வளவு என்று பாருங்கள். புதிய டிரைவ் பூஜ்யமோ ஒன்றிரண்டோ காட்ட வேண்டும். 4000 மணிநேரம் என்று இருந்தால் அது யாரோ பயன்படுத்திக் கழித்துக் கட்டியது.

பழைய டிஸ்க்கின் உடல்நிலை முதலில்

எஸ்எஸ்டி மாற்றும் வேலையில் உண்மையான ஆபத்து ஸ்க்ரூவிலோ கேபிளிலோ இல்லை. பழைய டிஸ்க்கில் இருக்கும் தகவலில் இருக்கிறது. லேப்டாப் மெதுவாகிவிட்டது என்று மாற்றப் போகும் டிஸ்க்குகளில் கணிசமானவை சாகும் தறுவாயில் இருப்பவை. மெதுவானதற்கே அதுதான் காரணம்.

அதனால் முதல் வேலை, க்ரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவைத் திறந்து மூன்று வரிகளைப் பார்ப்பது. 05 என்பது கெட்டுப்போய் மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள். சி5 என்பது படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் செக்டர்கள். சி6 என்பது சரிசெய்யவே முடியாதவை. மூன்றும் பூஜ்யம் என்றால் நிம்மதியாக மேலே போகலாம். எண்கள் பதினாறடிமானத்தில் தெரிந்தால் குழம்ப வேண்டாம். எல்லாம் சைபராக இருக்கிறதா என்பதே கேள்வி. சி5இல் எண் இருந்தால், டிஸ்க்கை அப்படியே நகலெடுக்கும் க்ளோன் மென்பொருளை நேரடியாக அதன் மேல் ஏவிவிடக் கூடாது. அது முதல் செக்டரிலிருந்து வரிசையாகப் படித்துக்கொண்டு போய், கெட்ட இடத்தில் திரும்பத் திரும்ப முட்டி, ஏற்கெனவே நொந்த ஹெட்டை முழுதாக முடித்துவிடும். முதலில் முக்கியமான ஃபைல்களை மட்டும் வேறொரு டிஸ்க்குக்கு எடுங்கள். முழு டிஸ்க்கும் வேண்டும் என்றால் லினக்ஸில் ஜிஎன்யு டிடிரெஸ்க்யூவைப் பயன்படுத்துங்கள். நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, முட்டும் இடங்களைக் குறித்துவைத்துக் கடைசியில் திரும்பி வரும் கருவி அது. குறிப்பு ஃபைல் இருப்பதால் நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

டிஸ்க் நலமாகவே இருந்தாலும் முக்கியமானவற்றை வேறோர் இடத்தில் நகல் எடுத்த பிறகே தொடங்குங்கள். க்ளோன் மென்பொருளில் மூலம் எது, இலக்கு எது என்று மாற்றித் தேர்ந்தெடுத்துவிட்டால் வெற்று டிரைவின் நகல் உங்கள் தகவலின் மேல் ஏறிவிடும். மீட்க வழியே இருக்காது. தேர்ந்தெடுக்கும் திரையில் டிரைவின் தயாரிப்பு எண்ணும் கொள்ளளவும் காட்டுவார்கள். டிஸ்க் 0, டிஸ்க் 1 என்ற வரிசையை நம்பாமல் அவற்றைப் படித்துத் தேர்ந்தெடுக்கவும்.

க்ளோனா, புதிதாக இன்ஸ்டாலா

ஏழெட்டு வருடம் ஓடிய விண்டோஸ் என்றால் புதிதாகவே போடுங்கள் என்பேன். உரிமம் போய்விடும் என்று பலர் பயப்படுகிறார்கள். போகாது. விண்டோஸ் 8 முதல் கம்பெனியே போட்டுக் கொடுத்த கீ மதர்போர்டின் ஃபர்ம்வேரில் இருக்கிறது. விண்டோஸ் 10, 11இன் டிஜிட்டல் உரிமமும் மதர்போர்டைச் சார்ந்தது. அதே எடிஷனைப் போட்டு இணையத்தில் இணைத்தால் தானே ஆக்டிவேட் ஆகும். 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் மைக்ரோசாஃப்ட்டின் மீடியா க்ரியேஷன் டூலால் இன்ஸ்டாலர் செய்துகொள்ளுங்கள். வைஃபை டிரைவரை அதே பென் டிரைவில் தனியாகப் போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் இணையம் இல்லாமல் டிரைவரைத் தேடும் நிலை வரும்.

ஆனால் புதிதாகப் போடுவதில் விட்டுப்போகும் விஷயங்கள் அதிகம். டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். அவுட்லுக்கின் பிஎஸ்டி ஃபைல், கணக்கு மென்பொருள் தன் சொந்த ஃபோல்டரில் வைத்திருக்கும் தரவு, ப்ரௌசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், ஆப்டேட்டா ஃபோல்டரில் ஒளிந்திருக்கும் அமைப்புகள் எல்லாம் பிறகுதான் நினைவுக்கு வரும். யுனிகோடுக்கு முந்தைய பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பழைய ஆவணங்கள் இருந்தால் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் மறக்காமல் எடுங்கள். எழுத்துரு இல்லாவிட்டால் அவை வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறக்கும்.

எல்லாம் இருக்கும் இடத்தில் அப்படியே இருக்க வேண்டும் என்றால் க்ளோன். சாம்சங் தன் டிரைவ்களுக்குச் சொந்த மென்பொருள் தருகிறது. க்ரூஷியல், கிங்ஸ்டன், வெஸ்டர்ன் டிஜிட்டல் ஆகியோர் அக்ரோனிஸின் ஒரு பதிப்பைத் தருகிறார்கள். எல்லா டிரைவுக்கும் பொதுவான இலவசக் கருவி க்ளோனசில்லா. பலரும் சிபாரிசு செய்துவந்த மேக்ரியம் ரிஃப்ளெக்ட்டின் இலவசப் பதிப்பு 2024 ஜனவரியோடு நிறுத்தப்பட்டுவிட்டது.

1 டிபி ஹார்ட் டிஸ்க்கிலிருந்து 500 ஜிபி எஸ்எஸ்டிக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தயாரிப்பாளர்களின் கருவிகள் பார்ட்டிஷனைத் தாமாகச் சுருக்கிக்கொள்ளும். க்ளோனசில்லா இயல்பாக அப்படிச் செய்யாது, இலக்கு சிறியது என்று மறுத்துவிடும். அதற்கு முன் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவைச் சுருக்க வேண்டும். 200 ஜிபி மட்டுமே நிரம்பியிருந்தும் 500க்குக் கீழே சுருக்க மாட்டேன் என்று விண்டோஸ் அடம்பிடிக்கும். டிஸ்க்கின் நடுவில் நகர்த்த முடியாத ஃபைல்கள் உட்கார்ந்திருப்பதே காரணம். ஹைபர்னேஷன், பேஜ் ஃபைல், சிஸ்டம் ரீஸ்டோர் மூன்றையும் தற்காலிகமாக நிறுத்தி, ரீஸ்டார்ட் செய்து மீண்டும் சுருக்கினால் பெரும்பாலும் வழிவிடும்.

டிரைவைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் என்க்ரிப்ஷன் வசதியான பிட்லாக்கர் இருக்கிறதா என்று பார்க்காமல் தொடங்கக் கூடாது. நீங்கள் ஆன் செய்யாமலேயே அது ஆன் ஆகியிருக்கலாம். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு புதிதாகப் போடும்போது பல கணினிகளில் தானாகவே என்க்ரிப்ட் செய்துவிடுகிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ள 48 இலக்க மீட்பு எண்ணை முதலில் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு என்க்ரிப்ஷனை முழுவதுமாக நீக்கிவிட்டு க்ளோன் செய்வதே சுத்தமான வழி. முடிந்ததும் எஸ்எஸ்டியில் திரும்ப ஆன் செய்துகொள்ளலாம்.

நேரக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 300 ஜிபியை யுஎஸ்பி 3 வழியாக நொடிக்கு 100 எம்பி வீதம் நகலெடுத்தால் 50 நிமிடம். ஹார்ட் டிஸ்க்கின் உள்வட்டத்தில் வேகம் பாதியாகும் என்பதால் ஒன்றரை மணிநேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். யுஎஸ்பி 2 போர்ட்டில் குத்திவிட்டால் அதுவே இரண்டரை மணிநேரத்துக்கு மேல். சார்ஜர் செருகியிருக்கட்டும், ஸ்லீப் அணைந்திருக்கட்டும்.

கழற்றுவது

ஷட் டவுன் செய்யும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொள்ளுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இருந்தால் சாதாரண ஷட் டவுன் பாதி உறக்கம்தான். சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி வெளியே வருவதாக இருந்தால் கழற்றி, பவர் பட்டனைப் பதினைந்து நொடி அழுத்திப் பிடியுங்கள். பேட்டரி உள்ளேயே இருக்கும் மாடல்களில் மூடியைத் திறந்தவுடன் முதல் வேலை பேட்டரி கனெக்டரை விடுவிப்பது. சில திங்க்பேட்களில் பயோஸிலேயே உள் பேட்டரியை முடக்கும் வசதி இருக்கிறது, அது இன்னும் பாதுகாப்பு. உலோகம் எதையாவது தொட்டு உடம்பின் ஸ்டாட்டிக்கைப் போக்கிவிட்டு ஆரம்பியுங்கள்.

பிஎச்0, பிஎச்1 அளவு ப்ளஸ் தலை ஸ்க்ரூ டிரைவர், மூடியை நெம்ப ஒரு ப்ளாஸ்டிக் கார்டு போதும். இரும்பால் நெம்பினால் விளிம்பு பல் பல்லாகிவிடும். ஸ்க்ரூக்களின் நீளம் வெவ்வேறாக இருக்கும். நீளமானதைக் குட்டையானதன் துளையில் முடுக்கினால் மறுபக்கம் கை வைக்கும் இடத்தில் புடைத்துக்கொண்டு வரும், அல்லது போர்டைத் துளைக்கும். ஒரு தாளில் லேப்டாப்பின் கோட்டுருவம் வரைந்து, எங்கே எடுத்தீர்களோ அங்கேயே ஸ்க்ரூவைக் குத்திவைப்பது சிறந்த வழி. எல்லாவற்றையும் எடுத்தும் மூடி ஓரிடத்தில் மட்டும் விடாப்பிடியாக நின்றால் இழுக்காதீர்கள். ரப்பர் காலுக்கடியிலோ டிவிடி டிரைவை உருவினால் தெரியும் இடத்திலோ இன்னொரு ஸ்க்ரூ ஒளிந்திருக்கும். மூடியோடு ரிப்பன் கேபிள் ஏதும் ஒட்டிக்கொண்டு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே மெல்லத் தூக்குங்கள்.

டிரைவ் வெளியே வந்ததும் அதன் கனெக்டர் பக்கத்தை உற்றுப் பாருங்கள். எல் வடிவத்தில் இரண்டு நாக்குகள் தெரிய வேண்டும்: தகவலுக்கு 7 முனை, மின்சாரத்துக்கு 15. அப்படித் தெரியாமல் கட்டையான ஒரு துண்டு நீட்டிக்கொண்டிருந்தால் அது டிரைவின் பாகமல்ல, லேப்டாப்புக்கும் டிரைவுக்கும் நடுவிலுள்ள இணைப்புத் துண்டு. நேராகப் பிடித்து இழுத்தால் கழன்று வரும். எஸ்எஸ்டியில் அதைக் குத்திவிட்டுத்தான் மாட்ட வேண்டும். பழைய டிஸ்க்கோடு அதையும் ஓரமாக வைத்துவிட்டு, புதியது பொருந்தவே மாட்டேன் என்கிறதே என்று தவிப்பவர்கள் நிறையப் பேர். உலோகத் தட்டும் அப்படித்தான். நான்கு எம்3 ஸ்க்ரூவைக் கழற்றி எஸ்எஸ்டிக்கு மாற்ற வேண்டும். மிக இறுக்கமாக முடுக்கினால் எஸ்எஸ்டியின் ப்ளாஸ்டிக் கூட்டில் மரை தேய்ந்துவிடும்.

எம்.2 டிரைவை ஏறத்தாழ 30 டிகிரி சாய்வில் செருகி, தங்க முனை அநேகமாக மறையும்வரை தள்ளி, பிறகு கீழே அமுக்கி ஸ்க்ரூ போட வேண்டும். அதற்கான எம்2 (2 மிமீ தடிமன்) ஸ்க்ரூ 3 மிமீ நீளம்தான். எஸ்எஸ்டியோடு பெரும்பாலும் வராது, ஆகவே முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

டிவிடி டிரைவ் உள்ள லேப்டாப்பில் அதை எடுத்துவிட்டு அதே வடிவிலுள்ள சட்டமான கேடி ஒன்றைப் போட்டு இரண்டு டிரைவும் வைத்துக்கொள்ளலாம். கேடி 9.5 மிமீ, 12.7 மிமீ என்று இரண்டு உயரங்களில் கிடைக்கும், அளந்து வாங்கவும். எஸ்எஸ்டி மூல இடத்தில் இருக்கட்டும், ஹார்ட் டிஸ்க் கேடிக்குப் போகட்டும். டிவிடி இடத்தின் சாட்டா லைன் பல லேப்டாப்களில் வேகம் குறைந்தது, சிலவற்றில் அங்கிருந்து பூட்டும் ஆகாது.

முதல் பூட்

க்ளோன் செய்த பிறகு இரண்டு டிரைவையும் ஒன்றாக இணைத்தபடி பூட் செய்யாதீர்கள். இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருப்பதால் விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைனில் தள்ளும், அல்லது பழையதிலிருந்தே கிளம்பிவிடும். முதல் பூட்டில் எஸ்எஸ்டி மட்டுமே உள்ளே இருக்கட்டும்.

சாட்டா ஹார்ட் டிஸ்க்கிலிருந்து என்விஎம்இக்கு க்ளோன் செய்தவர்கள் நீலத் திரையைப் பார்க்க நேரலாம்: இன்ஆக்சஸபிள் பூட் டிவைஸ். தகவல் எதுவும் கெடவில்லை. பூட் நேரத்தில் ஏற்றும் டிரைவர் பட்டியலில் என்விஎம்இ இல்லை, அவ்வளவே. பழைய டிஸ்க்கிலிருந்து பூட் செய்து, சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் சேஃப் பூட்டை டிக் செய்து, அந்த நிலையில் க்ளோன் எடுத்தால் புதியது சேஃப் மோடில் கிளம்பி எல்லா டிரைவரையும் ஏற்றிக்கொள்ளும். பிறகு டிக்கை எடுத்துவிடலாம். பயோஸில் டிரைவைக் கையாளும் முறையை ரெய்டிலிருந்து ஏஎச்சிஐக்கு மாற்றும்போதும் இதே வைத்தியம்தான். சேஃப் மோடில் பின் எண் வேலை செய்யாமல் போகலாம், கணக்கின் உண்மையான பாஸ்வேர்டு தெரிந்திருக்க வேண்டும்.

பழைய டிஸ்க், பார்ட்டிஷன் பட்டியலை எழுதும் பழைய முறையான எம்பிஆரில் இருந்தால், 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டிக்கு அது அப்படியே போனாலும் பிரச்சினை இல்லை. என்விஎம்இ என்றால் பயோஸின் புதிய வடிவமான யுஇஎஃப்ஐ வேண்டும், அதற்குப் புதிய பட்டியல் முறையான ஜிபிடி வேண்டும். 2017 முதல் விண்டோஸ் 10இலேயே இருக்கும் எம்பிஆர்2ஜிபிடி கருவி தகவலை அழிக்காமல் மாற்றித் தரும். மூன்று ப்ரைமரி பார்ட்டிஷனுக்கு மேல் இருந்தால் மட்டும் மறுக்கும். மாற்றியதும் பயோஸில் லெகசியை விட்டு யுஇஎஃப்ஐக்குப் போங்கள்.

11ஆம் தலைமுறை இன்டெல் முதற்கொண்டு பல லேப்டாப்களில் புதிதாக விண்டோஸ் போடும்போது டிரைவே இல்லை என்று இன்ஸ்டாலர் சொல்லும். டிரைவ்களைத் தன் வழியே கையாளும் இன்டெலின் விஎம்டி என்ற அமைப்பு நடுவில் நிற்பதுதான் காரணம். பயோஸில் அதை அணைக்கலாம், அல்லது இன்டெல் ரேப்பிட் ஸ்டோரேஜ் டிரைவரைப் பென் டிரைவில் வைத்து லோட் டிரைவர் பொத்தானில் காட்டலாம்.

மாட்டிய பிறகு

க்ரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் ட்ரான்ஸ்ஃபர் மோட் என்ற வரியில் இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது இப்போது ஓடும் வேகம், அடுத்தது டிரைவால் முடிந்தது. சாட்டா 600, சாட்டா 600 என்றால் எல்லாம் சரி. 300, 600 என்றால் உங்கள் லேப்டாப் பழையதா என்று பாருங்கள். பழையதில்லை என்றால் கேபிளோ கனெக்டரோ சரியில்லை. சி7 (தகவல் பரிமாற்றப் பிழைகள்) வரியில் எண் ஏறிக்கொண்டே போனாலும் அதே குற்றவாளிதான். ஹார்ட் டிஸ்க் மெதுவாக ஓடியதால் தெரியாமலிருந்த கேபிள் பழுது, எஸ்எஸ்டியின் வேகத்தில் வெளிவந்துவிடும். 2012இன் 13 அங்குல மேக்புக் ப்ரோவில் அந்தத் தட்டைக் கேபிள் தேய்வது எல்லோரும் அறிந்தது. அரை நிமிடம் எல்லாம் உறைந்து பிறகு ஓடுகிறது என்றால் ஈவென்ட் வியூவரில் 129 என்ற எண்ணைத் தேடுங்கள். டிரைவ் பதில் சொல்லாமல் ரீசெட் ஆனதற்கான பதிவு அது. இதிலும் முதலில் கேபிளைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஆப்டிமைஸ் டிரைவ்ஸ் பக்கத்தில் சாலிட் ஸ்டேட் டிரைவ் என்று காட்டுகிறதா என்று ஒருமுறை பார்த்தால் போதும். அங்கே நடப்பது டிஃப்ராக் அல்ல, ட்ரிம்; அழித்த இடங்கள் எவை என்று டிரைவுக்குச் சொல்வது. அதை நிறுத்தாதீர்கள். க்ளோனுக்குப் பிறகும் ஹார்ட் டிஸ்க் என்றே காட்டினால் அட்மின் கமாண்ட் ப்ராம்ப்ட்டில் வின்சாட் ஃபார்மல் கட்டளையை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

பேஜ் ஃபைலை நிறுத்து, டெம்ப் ஃபோல்டரை ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்று, ப்ரௌசர் கேஷை ரேமில் வை என்றெல்லாம் அறிவுரைகள் இன்றும் சுற்றுகின்றன. தேவையில்லை. 870 ஈவோ 500 ஜிபி டிரைவுக்கு 300 டிபி எழுதும்வரை உத்தரவாதம். தினமும் 30 ஜிபி எழுதினாலும் வருடத்துக்கு 11 டிபி; கணக்குப்படி 27 வருடம். வேகத்துக்காக வாங்கிவிட்டு வேகம் தரும் வேலைகளை அதிலிருந்து விலக்கி வைப்பதில் அர்த்தமில்லை. 4 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பில் எஸ்எஸ்டி அந்தக் குறையை ஓரளவு மறைக்கும், ஆனால் தீர்க்காது. மூடியைத் திறந்திருக்கும்போதே ரேம் ஸ்லாட்டையும் பார்த்துவிடுங்கள். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் ஏறத்தாழ 8ஆம் தலைமுறையாவது வேண்டும். அதற்கும் பழைய லேப்டாப்பில் எஸ்எஸ்டியோடு லினக்ஸ் போடுவதுதான் என் சிபாரிசு.

பேக்கப் விஷயத்தில் முன்பைவிடக் கூடுதல் கண்டிப்பு வேண்டும். ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் கடகடத்து, மெதுவாகி, எச்சரித்துவிட்டுச் சாகும். எஸ்எஸ்டியின் கன்ட்ரோலர் நின்றால் நேற்றுவரை ஓடியது இன்று பயோஸில்கூடத் தெரியாது. தவறி அழித்த ஃபைலும் ட்ரிம் ஓடிய பிறகு மீளாது.

கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை ஒரு மாதம் தொடாமல் வையுங்கள். விட்டுப்போன ஃபைல் ஏதாவது அதற்குள் நினைவுக்கு வரும். 2.5 அங்குல டிரைவுக்கு 5 வோல்ட் போதும் என்பதால் சாதாரண யுஎஸ்பி கூட்டில் போட்டால் தனி அடாப்டர் இல்லாமலே ஓடும். யாருக்காவது கொடுப்பதென்றால் க்விக் ஃபார்மட் என்ற டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் செய்யுங்கள். விஸ்டாவிலிருந்து அது டிஸ்க் முழுக்கப் பூஜ்யம் எழுதுகிறது. சி5 பூஜ்யமாக இருந்தால் கொடுக்காமல் நீங்களே பேக்கப்புக்கு வைத்துக்கொள்வது மேல். எஸ்எஸ்டியை அந்த வேலைக்கு ஒதுக்கி அலமாரியில் வைக்கக் கூடாது. எழுதும் அளவு முழுவதும் தீர்ந்த சாதாரண எஸ்எஸ்டி, மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி வெப்பத்தில் ஒரு வருடம் தகவலைக் காத்தால் போதும் என்பதுதான் மெமரித் துறையின் தர அமைப்பான ஜெடெக் தந்த வரையறை. புதிய டிரைவ் அதைவிட நெடுநாள் தாங்கும், ஆனால் சூடான அறையில் அந்தக் காலம் குறைந்துகொண்டே வரும். பழைய ஹார்ட் டிஸ்க்குக்கு அந்தப் பிரச்சினை இல்லை. சில மாதங்களுக்கு ஒருமுறை மாட்டி, புதியவற்றை நகலெடுத்து, சி5 வரியை ஒருமுறை பார்த்துவிட்டு எடுத்து வைத்தால் போதும்.